ஒரு பெட்டியும் ஓர் அமானிதமும்

எங்கள் மூத்த மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்த பின்னர் வந்த மாதங்களை நாங்கள் எளிதில் மறக்க மாட்டோம். பெறுபேறு வரும் வரை பாடசாலை இல்லை, பாடநூல் இல்லை. பள்ளிவாசலுக்குத் தொழச் சென்று வரும் நேரம் தவிர மற்றைப் பொழுதெல்லாம் கைபேசியின் முன்னே கழிந்தது. எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் மறுமொழி. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது புதுமையன்று. ஆயினும் நம் வீட்டில் நடக்கும்போது அது வேறு விதமாகவே வலிக்கிறது.

அந்த நாட்களில்தான் கத்தாரில் தொழில் பார்க்கும் அவனுடைய மாமா விடுமுறையில் ஊருக்கு வந்தார். மருமகனுக்கென அவர் கொண்டு வந்தது துணியில் சுற்றிய ஒரு பெட்டி. உடன் வேலை செய்த ஒருவர் தம் நாட்டுக்குத் திரும்பும்போது அதனைக் குறைந்த விலைக்கு விற்றுச் சென்றாராம். ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரத்து எலெக்ட்ரான் நிறுவனத்தின் ஆக்டாட்ராக் என்னும் சாம்பிளர் அது. 2017இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு. கறுப்பு உலோகப் பெட்டி, ஒரு சிறு திரை, வரிசையாக 16 பொத்தான்கள், திருகுகுமிழ்கள், வலப்புறத்தில் இடம் வலமாக நகரும் ஒரு தள்ளுகோல். பல நாட்களுக்குப் பின் மகனின் கண்களில் ஆர்வம் தெரிந்தது.

எங்கள் இருவருக்கும் மனம் உடனே ஒப்பவில்லை. வீட்டினுள் இசைக்கருவி என்றால் தயக்கம் வருவது இயல்பே. மார்க்க அறிஞர்களிடையே இதில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உள்ளன என்பதை அறிவோம். நாங்கள் மதிக்கும் ஓர் ஆலிமிடம் சென்று கேட்டோம். அவர் பெட்டியைப் பற்றி விரிவாக விசாரித்தார். சாம்பிளர் என்பது தனக்கென ஓர் ஒலியும் இல்லாத கருவி. நாம் பதிவு செய்து உள்ளே இடும் ஒலியையே நறுக்கியும் நீட்டியும் திரும்பத் திரும்பவும் ஒலிக்கச் செய்வது என்று மகன் விளக்கினான். "அப்படியானால் பெட்டியைப் பற்றி என்னிடம் கேட்பதற்கு முன்னர், அதற்குள் எதை இடப் போகிறீர்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்" என்றார் அவர்.

பேசினோம். மூன்று நிபந்தனைகள் பிறந்தன. உள்ளே செல்வது மனிதக் குரலும், எங்கள் வீட்டுப் பெண்கள் பெருநாளில் தட்டும் றபானும், ஊரின் தொழில் ஒலிகளும் மட்டுமே. இஷாவுக்குப் பின்னர் பெட்டி திறக்கப்படாது. பாங்கு கேட்டால் அந்தக் கணமே அணைத்துவிட வேண்டும். மூன்றாவது நிபந்தனையை மகன் முகமலர்ச்சியோடு ஏற்றான். அதுவே எங்களுக்கு ஒரு பாடம் கற்பிக்கப் போகிறது என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

முதல் மாலையில் மூவரும் பெட்டியைச் சுற்றி அமர்ந்தோம். மின்சாரம் கொடுத்தோம். திரை ஒளிர்ந்தது. பொத்தான்களை அழுத்தினோம். ஓர் ஓசையும் எழவில்லை. அதில் ஒலிபெருக்கி இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. காதொலிப்பான் செருகிய பின்னரும் அமைதிதான். பெட்டிக்குள் ஒலிகள் தாமாக வந்து குடியிருப்பதில்லை. காம்பாக்ட் ஃபிளாஷ் என்னும் நினைவு அட்டையில் நாம் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்த பின்னும் ஒலிக்கவில்லை. அட்டையில் உள்ள கோப்பை ஓர் இடத்திற்கு ஒதுக்க வேண்டும். அந்த இடத்தை ஒரு தடத்திற்குக் கொடுக்க வேண்டும். அத்தடத்தில் எந்தப் படியில் ஒலிக்க வேண்டும் எனக் குறிக்க வேண்டும். அதன் பின்னரே, சமையலறையில் பதிந்த ஒரு கதவின் ஓசை 'டக்' என்று வந்தது. அந்த ஒரு 'டக்'குக்கு இரண்டு மாலைகள் செலவாயின.

இக்கருவி கடினமானது என்று பெயர் பெற்றிருப்பதற்குக் காரணம் அதன் அடுக்குகளே. மேலே செட் என்னும் பெரிய உறை. அதனுள் புராஜெக்ட். புராஜெக்ட்டினுள் 16 பேங்க். ஒவ்வொரு பேங்க்கிலும் 16 பேட்டர்ன்களும் 4 பார்ட்களும். பேட்டர்ன் என்பது எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு. பார்ட் என்பது எது, எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்ற ஏற்பாடு. இந்த வேறுபாடு புரியாமல் ஒரு வாரம் தவித்தோம். ஒரு பேட்டர்னில் றபானின் சுருதியைத் தாழ்த்தினால் அடுத்த பேட்டர்னிலும் அது தாழ்ந்துவிட்டிருக்கும். பெட்டி பழுதோ என ஐயுற்றோம். இரண்டு பேட்டர்ன்களும் ஒரே பார்ட்டைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன என்பது பின்னரே தெரிந்தது. ஒரே அடுப்பில் இரண்டு சட்டிகளை வைத்துவிட்டு, ஒன்றுக்குத் தணலைக் குறைத்தால் மற்றதும் ஏன் ஆறுகிறது என்று கேட்டது போலத்தான் நாங்கள் இருந்தோம்.

எங்களுள் ஒருவர் கணக்காளர், மற்றவர் ஆசிரியை. கற்பிப்பதும் கணக்கிடுவதுமே எங்கள் தொழில். பதினாறு வயதுப் பிள்ளையின் முன்னே கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் விழிப்பது எங்களுக்குப் புதிய அனுபவம். அவனுக்கும் அது புதிது. எங்கள் அறியாமையைக் கண்டு அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரிக்கத் தொடங்கியவன் மெல்லப் பேசவும் தொடங்கினான்.

மருதமுனையில் மணமகன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வதே வழக்கம். ஆகவே இந்த வீட்டின் மூத்தவர் மனைவியின் தாயார். பிள்ளைகளின் வாய்வழக்கைப் பின்பற்றி நாங்களும் இங்கே அவரை உம்மும்மா என்றே குறிப்பிடுகிறோம். இளமை முழுவதும் கைத்தறியில் சாறன் நெய்தவர். கிழக்குக் கரைப் பெண்களிடையே வாய்மொழியாக வழங்கிய கவிகளும் தாலாட்டுகளும் அவரிடம் நிறைய இருந்தன. தம் தங்கையோடு சேர்ந்து அவர் பாடியவற்றை ஒரு காலத்தில் ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தபோது அந்த நாடாக்களும் போயின. அந்தத் தங்கையும் போய்விட்டார். அதன் பின்னர் உம்மும்மா பாடி நாங்கள் கேட்டதில்லை. கேட்கவும் துணிந்ததில்லை.

துணிந்தவன் மகன்தான். "உம்மும்மா, ஒரே ஒரு தாலாட்டு மட்டும்" என்று நாள்தோறும் கெஞ்சினான். "எனக்கெங்க வாப்பா வரும்? எல்லாம் மறந்து போச்சு" என்று அவர் தட்டிக்கழித்தார். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் வந்து அமர்ந்து, "சரி, அந்தப் பொட்டியக் கொண்டு வா" என்றார்.

ஒலிவாங்கியைப் பெட்டியில் நேராகச் செருகினால் குரல் மிக மெலிந்தே பதியும் என்பதை முன்பே கற்றிருந்தோம். ஒலிவாங்கிக்குத் தேவையான பெருக்கம் அதில் இல்லை. நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற சிறு மிக்சர் வழியாக இணைத்தோம். உம்மும்மா கண்களை மூடிக்கொண்டு பாடினார். தொடக்கத்தில் குரல் தடுமாறியது. பின்னர் சீராயிற்று. இடையில் தங்கையின் பெயர் வரும் ஓர் அடியைப் பாடிச் சிறிது நின்று, மீண்டும் தொடர்ந்தார். எங்களுள் ஒருவர் எழுந்து உள்ளே சென்றுவிட்டார். அழுகையைப் பெட்டி பதிந்துவிடக் கூடாதே என்பதற்காக.

பாட்டு முடிந்து சற்று நேரம் யாரும் பேசவில்லை. மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. உம்மும்மா வுளூச் செய்ய எழுந்தார். மகன் நிபந்தனையை நினைவில் வைத்திருந்தான். பெட்டியின் பின்புறத்துப் பொத்தானை அழுத்தி அணைத்தான். பிள்ளையின் ஒழுங்கைக் கண்டு நாங்கள் உள்ளூரப் பெருமைப்பட்டோம்.

தொழுதுவிட்டு வந்து திறந்தால் பாட்டு இல்லை.

இந்தக் கருவியில் நேரடியாகப் பதியும் ஒலி முதலில் செல்வது தற்காலிக நினைவகத்திற்கு. சுமார் 80 எம்பி அளவுள்ள அந்த இடம், ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற தரத்தில் ஏறத்தாழ 8 நிமிட ஒலியைத் தாங்கும். மின்சாரம் உள்ள வரையில்தான் அந்த நினைவு. பதிந்ததை ஒலித்திருத்தப் பக்கத்தில் திறந்து, கோப்பாக அட்டையில் சேமித்தால்தான் அது நிலைக்கும். புராஜெக்ட்டைச் சேமித்திருந்தாலும், பதிவைத் தனியே சேமிக்காவிட்டால் அது போய்விடும். கையேட்டில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கத்தை எட்டியிருக்கவில்லை. குறை கருவியுடையதன்று, முழுவதும் எங்களுடையது.

மகன் அன்றிரவு உண்ணவில்லை. உம்மும்மாவிடம் யார் சொல்வது என்பதில் எங்களுக்குள் ஒரு மௌனப் போராட்டம். இறுதியில் அவனே சென்று அவர் கட்டிலருகே நின்று சொன்னான். அவர் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்திருந்தார். "போனா போகட்டும் வாப்பா. கடலே கொண்டு போச்சு, பொட்டி கொண்டு போனா என்ன?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எங்களைத் தூங்கவிடவில்லை. இருபது ஆண்டு அடைத்து வைத்திருந்ததை அவர் எங்களை நம்பித் திறந்தார். அதனை ஒரு கணத்தில் தொலைத்துவிட்டோம். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அமானிதம் என்கிறோம். பொன்னையும் பணத்தையும் பற்றியே அச்சொல்லைப் பயன்படுத்திப் பழகிய எங்களுக்கு, குரலும் அமானிதமே என்பது அன்று விளங்கியது.

பல நாட்கள் பெட்டி மூடியே கிடந்தது. மகன் மறுபடியும் கைபேசிக்குள் புகுந்துவிடுவானோ என அஞ்சினோம். அவ்வாறு நிகழவில்லை. அவன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து, ஒரு குறிப்பேட்டுடன், வரி வரியாகப் படிக்கத் தொடங்கியிருந்தான். நாங்களும் இரவில் அவனோடு அமர்ந்தோம். எட்டுத் தடங்கள் இருக்கின்றனவே என்று எட்டையும் ஒரே நாளில் கற்க முனைந்ததுதான் எங்கள் முதல் தவறு. இம்முறை ஒரு வாரம் முழுவதும் ஒரே தடம், ஒரே ஒலி என்று முடிவு செய்தோம். ஒலிகளை நினைவகத்தில் ஏற்றி இயக்கும் ஃபிளெக்ஸ், அட்டையிலிருந்து நேரே வாசிக்கும் ஸ்டாடிக் ஆகிய இரண்டை மட்டும் முதலில் பழகினோம். த்ரூ, நெய்பர், பிக்கப் ஆகிய மற்ற மூன்றையும் தொடவில்லை. குறைத்துக் கற்றபோது கருவி அடங்கியது.

அயலில் இன்னும் இயங்கும் ஒரு தறிக்கூடத்திற்குச் சென்று, அனுமதி பெற்று, நாடா ஓடும் ஓசையையும் மிதி ஏறி இறங்கும் ஓசையையும் கைபேசியில் பதிந்து வந்து அட்டையில் இட்டான். அவற்றை நறுக்கி, 16 பொத்தான்களில் சிலவற்றை ஒளிரச் செய்து ஓட விட்டபோது, திண்ணை வழியே போன உம்மும்மா நின்றார்.

"இது தறிச் சத்தமெல்லோ?"

மகன் பொத்தான்களைக் காட்டினான். ஒவ்வொரு பொத்தானும் ஒரு படி. ஒளிரும் படியில் ஒலி எழும். ஒளிராத படியில் மௌனம். பதினாறும் முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து. அவர் அருகில் வந்து குனிந்து பார்த்தார். "பாவு எண்ணுறது போலத்தான். பதினாறு இழை. எந்த இழைக்கு நிறம், எந்த இழைக்கு வெள்ளை எண்டு நீ கணக்குப் போடுறாய். நாங்க நெய்யாத தறியா வாப்பா இது?" என்றார்.

ஒரு வாரம் நாங்கள் கையேட்டில் தேடிய விளக்கம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. றபானுக்கு 12 படிகளும் தறிக்கு 16 படிகளும் வைத்தால் என்னவாகும் என்று மகன் அவரிடமே கேட்டான். இக்கருவியில் ஒவ்வொரு தடத்திற்கும் வெவ்வேறு நீளம் கொடுக்கலாம். உம்மும்மா விரல்விட்டு எண்ணி, "நாப்பத்தெட்டுல ரெண்டும் சந்திக்கும். அதுக்குள்ள ஒண்டையொண்டு விலகி விலகிப் போகும். சாறனில அப்புடிக் கோடு போட்டா வடிவா இருக்கும்" என்றார். ஓட விட்டுப் பார்த்தோம். 48ஆம் படி முடிந்ததும் இரண்டும் ஒருமித்துத் தொடங்கின. மூவரும் அவரையே பார்த்தோம். அவர் அதனைப் பெரிதுபடுத்தாமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்கடுத்த வாரம், ஸுபஹுத் தொழுகை முடிந்த வேளையில், அவரே திண்ணைக்கு வந்தார். பாடுவதற்கு முன்னர் ஒரு நிபந்தனை வைத்தார். "பொம்புளட கொரல் ஊரெல்லாம் போகப்படாது. இது ஒங்கட ஊட்டுக்குள்ள கெடக்கணும்." மகனின் முகம் சற்று வாடியதைக் கவனித்தோம். நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும், இணையத்தில் இட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருந்தது. ஆனால் அவன் தலையசைத்து ஏற்றான். ஏற்ற சொல்லை இன்று வரை காத்து வருகிறான். இந்தக் கட்டுரையிலும் அப்பாட்டின் ஓரடியைக் கூட நாங்கள் எழுதாதிருப்பது அதனால்தான்.

அன்று பாடியது பழைய பாட்டின் மெட்டுத்தான். சொற்கள் முழுவதும் அவையாக இல்லை. தங்கையின் பெயர் வரும் அடி வரவில்லை. நாங்கள் நினைவூட்டவும் இல்லை. பாடி முடித்ததும் மகனின் விரல் முதலில் சென்றது கோப்பாகச் சேமிக்கும் இடத்திற்கு. பெயர் இட்டான், நாள் இட்டான், அட்டையில் சேமித்தான். பின்னர் அக்கோப்பை ஓர் இடத்திற்கு ஒதுக்கி, பார்ட்டைச் சேமித்து, புராஜெக்ட்டையும் சேமித்தான். அட்டையைக் கழற்றி, கணினியில் ஒரு படியும் தனி வன்தட்டில் ஒரு படியும் எடுத்தான். அதன் பின்னரே நாங்கள் மூச்சு விட்டோம்.

இதே போன்ற ஒரு கருவி உங்கள் வீட்டிற்கும் வரலாம். சாம்பிளராக இல்லாவிட்டால் புகைப்படக் கருவியாகவோ தையல் இயந்திரமாகவோ இருக்கலாம். எங்களுக்கு நேர்ந்ததிலிருந்து சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. கருவியை இயக்கக் கற்கும் முன்னர், அது எதை எங்கே எவ்வளவு நேரம் நினைவில் வைக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். அரிய ஒன்றைப் பதியும் முன்னர், மதிப்பற்ற ஒன்றைப் பதிந்து, சேமித்து, அணைத்து, மீண்டும் திறந்து பாருங்கள். கதவின் ஓசையில் நாங்கள் இதனைச் செய்திருந்தால் முதற்பாட்டு எங்களிடம் இருந்திருக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து அறியாதவர்களாக அமர வெட்கப்படாதீர்கள். நாம் கற்பிக்கும்போது நம்மிடம் பேசாத பிள்ளை, நாம் கற்கும்போது பேசுகிறது. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், பதிவது பற்றியும் பகிர்வது பற்றியும் அவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்களின் குரல் அவர்களுக்குரியது.

எங்கள் மூன்றாவது நிபந்தனையையும் சற்றுத் திருத்திக்கொண்டோம். பாங்கு கேட்டால் கையை எடுத்துவிட வேண்டும். ஒலியை நிறுத்திவிட வேண்டும். மின்சாரத்தை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. பொத்தானை அழுத்துவதில் காட்டிய விரைவைத் தொழுகைக்கு எழுவதில் காட்டினால் போதும்.

பெறுபேறு வந்தது. மகன் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறான். பெட்டி பெரும்பாலும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் சிறிது நேரம் எடுக்கிறான். உம்மும்மாவுக்கு மனம் வந்தால் பாடுகிறார். வராவிட்டால் தறியைப் பற்றிக் கதை சொல்கிறார். அவன் அதனையும் பதிகிறான். இதுவரை பதினொரு பதிவுகள் சேர்ந்துள்ளன. முதற்பாட்டு அவற்றுள் இல்லை. அதனைத் திரும்பப் பாடும்படி நாங்கள் யாரும் கேட்பதில்லை. சென்ற வாரம், சின்னவளைத் தூங்க வைக்கும்போது, அடைத்த கதவுக்குள்ளிருந்து அந்தப் பெயர் வரும் அடி மெல்லக் கேட்டது. மகன் வெளியே நின்றிருந்தான். அலுமாரியை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தான். பெட்டியை எடுக்கவில்லை. பாட்டு முடியும் வரை அங்கேயே நின்று கேட்டுவிட்டு, விளக்கை அணைத்துப் படுக்கப் போனான்.